ஸ்பானிய நாக்கில் ஆங்கிலம் – ஒரு கடிதம்

வணக்கம் சார்,

கணவரின் வேலைக்காக மெக்சிகோவின் குவாதலஹாராவுக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. ஊரில் பள்ளியில் ஆறு வருடம் ஆங்கிலம் எடுத்தவள் நான். இங்கே எங்கள் குடியிருப்பில் மூன்று பெண்கள் கேட்டுக்கொண்டதால் வாரம் மூன்று மாலை சொல்லிக்கொடுக்கிறேன். நம் ஊர் வழக்கப்படி 12 டென்ஸையும் கட்டம் போட்டு மனப்பாடம் செய்ய வைத்தேன். அடிப்படைச் சொற்கள் 500 எழுதிக் கொடுத்தேன். கட்டத்தைப் பிசகில்லாமல் ஒப்பிக்கிறார்கள். ஆனால் பேச ஆரம்பித்தால் ‘ஐ ஹேவ் தர்ட்டி இயர்ஸ்’, ‘யெஸ்டர்டே ஐ வொர்க்’, ‘ஐ லிவ் ஹியர் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்’ என்றுதான் வருகிறது. ஒருவருக்கு அடுத்த மாதம் ஹோட்டல் வரவேற்பு வேலைக்கு நேர்காணல். நீங்கள் ஸ்பெயினின் மத்ரித்தில் ஆங்கில வகுப்பு எடுத்ததாக எழுதியிருந்தீர்கள். நான் எங்கே தப்பு செய்கிறேன்?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்தக் கட்டத்தை எடுத்து வைத்துவிடுங்கள். டென்ஸ் என்றால் என்ன என்று உங்கள் மாணவிகளுக்குச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. ஒருநாள் விளையாடியதற்கு ‘ஹுகே’, சின்ன வயதில் தினமும் விளையாடியதற்கு ‘ஹுகாபா’ என்று இறந்தகாலத்தையே இரண்டாகப் பிரித்துப் பேசும் மொழி அவர்களுடையது. ஆங்கிலம் இரண்டுக்கும் ‘பிளேட்’ என்றே சொல்லிவிட முடியும். அவர்கள் செய்வது ஆங்கிலச் சொற்களைப் போட்டு நல்ல ஸ்பானியம் பேசுவது. ஒவ்வொரு தப்புக்கும் அடியில் சரியான ஒரு ஸ்பானிய வாக்கியம் இருக்கும். அதைக் கேட்டு வாங்கிவிட்டீர்கள் என்றால் பாதி வேலை முடிந்தது.

‘ஐ ஹேவ் தர்ட்டி இயர்ஸ்’ என்பது ‘தெங்கோ த்ரெய்ன்தா ஆஞோஸ்’. ‘தெங்கோ’ என்றால் என்னிடம் இருக்கிறது. வயது மட்டுமில்லை, பசி, தாகம், குளிர், பயம், தூக்கம் எல்லாமே அவர்களுக்கு ‘தெங்கோ’தான். ஆங்கிலத்தில் இவை அத்தனையும் ‘ஐ ஆம்’ பக்கம் போய்விடுகின்றன. இதைத் தனித்தனியாகத் திருத்தாமல் ஒரே மாலையில் ஒரு கொத்தாகக் கொடுங்கள்: ‘ஐ ஆம் தர்ட்டி, ஐ ஆம் ஹங்ரி, ஐ ஆம் கோல்ட்.’ அப்புறம் உங்கள் தமிழையும் உள்ளே கொண்டுவாருங்கள். ‘எனக்குக் காபி பிடிக்கும்’ என்கிறோமே, அவர்களும் அப்படியே ‘மே குஸ்தா எல் கஃபே’ என்கிறார்கள். இரண்டு மொழியிலும் காபிதான் எழுவாய், நான் ‘எனக்கு’. ஆங்கிலம் அதைப் புரட்டிப்போட்டு ‘ஐ லைக்’ என்கிறது. அந்தப் புரட்டல் உங்களுக்கும் ஒரு காலத்தில் புதிதாக இருந்திருக்கும் என்பதால் அவர்கள் எந்த இடத்தில் தடுக்குவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும்.

‘யெஸ்டர்டே ஐ வொர்க்’ பற்றிக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நானே இதில் பல மாதங்களை வீணாக்கினேன். மத்ரித்தின் லவாபியேஸ் பகுதியில் எங்கள் மாலை வகுப்புக்குத் தென் அமெரிக்காவின் எக்வதோரிலிருந்து வந்த ஓர் அம்மா வருவார். வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை, ராத்திரி எட்டு மணிக்குக் களைத்துப்போய் வந்து முதல் வரிசையில் உட்காருவார். வாரக்கணக்கில் ‘யெஸ்டர்டே ஐ வொர்க்’ என்றே சொன்னார், நானும் பாஸ்ட் டென்ஸை விளக்கிக்கொண்டே இருந்தேன். ஒருநாள் அவர் நோட்டை வாங்கிப் பார்த்தால் எல்லா இடத்திலும் ஒழுங்காக ‘வொர்க்ட்’ என்று எழுதியிருக்கிறார்! இலக்கணம் அவருக்கு முன்பே தெரியும், வாய்தான் வரவில்லை. ஸ்பானியச் சொற்கள் பெரும்பாலும் உயிரெழுத்தில் முடியும், மெய்யில் முடிந்தாலும் ன், ஸ், ர், ல் மாதிரி ஒற்றை மெய்தான். க், ட் இரண்டும் ஒட்டி நிற்கும் முடிவு அவர்கள் நாக்குக்குப் பழக்கமே இல்லை. நம்மவர்கள் ‘இஸ்கூல்’ என்பதும் அவர்கள் ‘எஸ்கூல்’ என்பதும் இதே சங்கதிதான். அன்றிலிருந்து அடுத்த சொல்லோடு சேர்த்துச் சொல்ல வைத்தேன்: ‘வொர்க்-டின் எ ஹவுஸ்’, ‘வொர்க்-டட் நைட்’. அந்த ‘ட்’ அடுத்த உயிரில் ஏறிக்கொண்டதும் இரண்டே வகுப்பில் சரியாகிவிட்டது. உங்கள் மாணவியையும் முதலில் எழுதச் சொல்லிப் பாருங்கள். எழுதுவது சரியாக இருந்தால் இலக்கணத்தை விட்டுவிட்டு நாக்கைப் பழக்குங்கள்.

‘ஐ ஹேவ் லிவ்ட்’ மாதிரி ‘ஹேவ்’ போட்டு வரும் பிரசன்ட் பெர்ஃபெக்ட் விஷயத்தில் நீங்கள் என்னைவிட அதிர்ஷ்டசாலி. மத்ரித்காரர் இன்று காலை எட்டு மணிக்குச் சாப்பிட்டதையும் ‘எ தெசாயுனாதோ’ என்று பெர்ஃபெக்டில் சொல்வார், அதை அப்படியே மாற்றி ‘ஐ ஹேவ் ஹேட் பிரேக்ஃபாஸ்ட் அட் எய்ட்’ என்பார், நான் அதைப் பிடுங்கி எடுக்கவே படாத பாடு பட வேண்டியிருந்தது. மெக்சிகோவில் அதற்கு ‘தெசாயுனே’ என்று சாதாரண இறந்தகாலம்தான், ஆங்கிலமும் அதையேதான் கேட்கிறது. மெக்சிகோக்காரர்கள் பெர்ஃபெக்டைப் பெரும்பாலும் இன்னும் தொடர்கிற விஷயத்துக்கு வைத்துக்கொள்கிறார்கள்: ‘எ பிபீதோ அகீ சிங்கோ ஆஞோஸ்’. ‘ஐ ஹேவ் லிவ்ட் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்’ அதில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. உங்கள் மாணவிகள் நிகழ்காலத்தில் ‘பிபோ அகீ தெஸ்தே ஆசே சிங்கோ ஆஞோஸ்’ என்றும் சொல்வார்கள், ‘ஐ லிவ்’ என்ற தப்பு அங்கிருந்துதான் வருகிறது. நாமும் ‘அஞ்சு வருஷமா இங்கே இருக்கேன்’ என்று நிகழ்காலத்தில்தானே சொல்கிறோம்? அவர்களிடமே இருக்கும் அந்த இன்னொரு வாக்கியத்தைக் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று. போன் அடித்தால் நாம் ‘நான் எடுக்கிறேன்’ என்போம், அவர்கள் ‘யோ கொன்தெஸ்தோ’ என்பார்கள், இரண்டும் நிகழ்காலம். ஆங்கிலத்தில் ‘ஐ வில் கெட் இட்’ என்று ‘வில்’ வர வேண்டும். அந்த நொடியில் முடிவெடுத்துச் சொல்லும் எல்லாவற்றுக்கும் இதுதான், ஹோட்டலில் நாள் முழுக்கத் தேவைப்படும்.

கேள்வி கேட்கும்போது ‘டூ’ விட்டுப்போவதும் இருக்கும். ஆம் இல்லை என்று பதில் வரும் கேள்விக்கு ஸ்பானியத்தில் சொற்களை மாற்ற வேண்டாம், குரலை ஏற்றினால் போதும். எழுத்தில் அது தெரியாது என்பதால்தான் ஸ்பானிய மொழிக்கான அகாதெமி 1754-இல் வாக்கியத்தின் முன்னாலும் தலைகீழாக ஒரு கேள்விக்குறி போடச் சொன்னது. ‘அந்த முன் கேள்விக்குறி இருக்கும் இடத்தில் டூ வை’ என்று சொல்லிப் பாருங்கள், சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்.

500 சொல் பட்டியல்தான் எனக்கு உண்மையில் வருத்தம் தந்தது. நமக்கு எது எளிய சொல்லோ அது அவர்களுக்குக் கஷ்டம், நமக்குக் கஷ்டமானது அவர்களுக்கு வீட்டுச் சொல். 1066-இல் நார்மன்காரர்கள் இங்கிலாந்தைப் பிடித்தபின் பிரெஞ்சும் அதோடு லத்தீனும் ஆங்கிலத்துக்குள் மூட்டை மூட்டையாக இறங்கின, ஸ்பானியமோ லத்தீனின் பிள்ளை. ‘போஸ்ட்போன்’, ‘டாலரேட்’ எல்லாம் அவர்கள் கேட்டதுமே புரிந்துகொள்வார்கள். அதே அர்த்தத்தில் ‘புட் ஆஃப்’, ‘புட் அப் வித்’ என்றாலோ, ‘கெட் ஆஃப்’ என்றாலோ விழிப்பார்கள். ஆகவே பட்டியலில் இந்தக் குட்டிச் சொற்களுக்கு இடம் கொடுங்கள். அவர்களிடம் ஒற்றைச் சொல்லாக இருந்து ஆங்கிலத்தில் பிரிந்துபோவதையும் சேருங்கள்: ‘எஸ்பெரார்’ என்ற ஒன்றே வெயிட், ஹோப், எக்ஸ்பெக்ட் மூன்றும். தமிழில் காத்திருப்பதும் நம்பியிருப்பதும் எதிர்பார்ப்பதும் வேறுவேறு என்பதால் இதை உங்களால் அழகாகப் பிரித்துக் காட்ட முடியும். பார்க்க ஒன்றாக இருந்து ஏமாற்றும் சொற்களும் உண்டு. ‘அசிஸ்தீர்’ என்றால் பெரும்பாலும் வகுப்புக்கோ கூட்டத்துக்கோ போவது, அசிஸ்ட் இல்லை. ‘எக்சிதோ’ என்றால் வெற்றி. ஹோட்டலில் எக்சிட் எங்கே என்று யாராவது கேட்கப்போகிறார்கள், அதை மட்டும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

நேர்காணலுக்குப் போகிறவருக்கு மற்றதெல்லாம் அப்புறம். ஒரு மாதத்துக்கு மூன்றே மூன்று: ‘ஐ ஆம்’ கொத்து, ‘வொர்க்-டின்’, ‘ஐ வில்’. நீங்கள் விருந்தாளியாக வாசலில் நில்லுங்கள், பெட்டியோடு, அவர் மேஜைக்குப் பின்னால் நிற்கட்டும். தினமும் பத்து நிமிடம் இப்படிச் செய்யுங்கள், நடுவில் திருத்தாதீர்கள், முடிந்தபின் ஒரே ஒரு தப்பை எடுத்து அதற்கு ஸ்பானியத்தில் எப்படிச் சொல்வீர்கள் என்று கேளுங்கள். நேர்காணல் முடிந்ததும் எனக்கு எழுதுங்கள், அவர் எதில் தடுக்கினார் என்பதையும் சேர்த்து.