புள்ளலூர்த் தூபிகள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற மாதம் காஞ்சிபுரத்திலிருந்து புள்ளலூர் சென்றிருந்தேன். வயல்களின் நடுவே இரண்டு தூபிகள் நிற்கின்றன. 1780-இல் கிழக்கிந்தியக் கும்பினியின் கர்னல் பெய்லி நடத்திய படை, மைசூர்ப் படையின் முற்றுகையில் சிக்கி அழிந்த இடம் அது என்று படித்திருந்தேன். தூபிகளிலோ வேறு இருவர் பெயர்களும் 1781 என்ற ஆண்டும் உள்ளன. திப்புவின் ராக்கெட்டுகள்தாம் அப்படையை அழித்தன என்பது சரியா?

ஒரு வாசகர், அரக்கோணம்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் கண்ட தூபிகள் பெய்லிக்கு உரியவை அல்ல. மறு ஆண்டு ஆகஸ்ட் 27 அன்று அதே ஊரில் ஹைதர் அலியோடு நடந்த இன்னொரு போரில் இறந்த ஹிஸ்லாப், பிரவுன் என்ற இரு அதிகாரிகளுக்காக எழுப்பப்பட்டவை. பெய்லி 1782-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கைதியாகவே இறந்தார். அவருடைய நினைவிடமும் அங்கேதான், 1816-இல் கட்டப்பட்டது.

ராக்கெட்டைப் பற்றிச் சொல்வதற்கு முன் ஆற்றைச் சொல்ல வேண்டும். குண்டூரிலிருந்து வந்த பெய்லி, காஞ்சியில் கும்பினியின் சென்னைப் படைத் தளபதி ஹெக்டர் மன்றோவோடு சேர வேண்டியவர் (இவர் பின்னாளில் சென்னை கவர்னரான தாமஸ் மன்றோ அல்லர்). ஆகஸ்ட் 25 அன்று கொசஸ்தலையாற்றை அடைந்தவர், அன்று மாலையே கடக்காமல் வடகரையில் கூடாரம் அடித்தார். இரவில் வெள்ளம் வந்தது. செப்டம்பர் பிறந்த பிறகே அவரால் ஆற்றைக் கடக்க முடிந்தது. அதற்குள் திப்பு வழிமறித்துவிட்டார். 6-ஆம் தேதி பேரம்பாக்கத்தில் தாக்குப்பிடித்த பெய்லிக்கு மன்றோ அனுப்பிய சுமார் ஆயிரம் பேர் வந்து சேர்ந்தும், 9-ஆம் தேதி இரவு நடையைத் தொடராமல், காஞ்சிக்குச் சில மைல் தொலைவிலேயே மீண்டும் தங்கினார். ஒரே தவற்றை ஒருவர் இரண்டு முறை செய்தார் என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் காலை ஹைதரின் முழுப் படையும் சூழ்ந்துகொண்டது. ஏறத்தாழ 3,800 பேர் சதுரமாக அணிவகுத்துச் சுட்டுக்கொண்டிருக்கையில், நடுவே இருந்த வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. தீ வைத்தது ராக்கெட்டா, பீரங்கிக் குண்டா என்பதில் எழுதியவர்கள் ஒத்துப்போகவில்லை. ஆனால் அந்த வெடிப்புக்குப் பின் சதுரத்திடம் சுடுவதற்கு மருந்தில்லை. மன்றோவோ தம் கனரகப் பீரங்கிகளைக் காஞ்சிக் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னை நோக்கிப் பின்வாங்கினார். அன்று சிறைபட்ட டேவிட் பெயர்டு என்ற கேப்டன்தான் 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணக் கோட்டைக்குள் புகுந்த படையை நடத்தினார்.

ஆனால் அந்த 3,800 பேரில் ஐரோப்பியர் சில நூறு பேர்தாம். மற்றவர்கள் கும்பினிச் சம்பளம் வாங்கிய சென்னைப் படைச் சிப்பாய்கள். உயிரோடு பிடிபட்ட சுமார் 200 ஐரோப்பியருள் சிலர் சிறை வாழ்க்கையைப் பின்னர் எழுதிவைத்தார்கள். சிப்பாய்கள் பக்கத்திலிருந்து அப்படி ஒரு குறிப்பையும் நான் படித்ததில்லை. ஸ்ரீரங்கப்பட்டணம் தரியா தௌலத் மாளிகையில் திப்பு தீட்டச்செய்த சுவரோவியத்தில், பல்லக்கில் அமர்ந்து விரலைக் கடிக்கும் பெய்லியை எல்லோரும் பார்த்துவிட்டு வருகிறார்கள். நீங்கள் போனால், பல்லக்கைச் சுற்றிச் சிவப்புச் சட்டையில் நிற்கும் வரிசைகளையும் சற்று நின்று பாருங்கள்.