ஏர் ஃபிரையரில் பீன்ஸ் துவட்டல்

காரைக்குடியிலிருந்து பிரிட்டனுக்குப் படிக்க வந்திருக்கும் தம்பி, பொதுச் சமையலறையில் அடுப்புக்கு வரிசை, மிளகாய் கருகினால் அலாரம், ஏர் ஃபிரையரில் நம்ம ஊர்ப் பொரியலான பீன்ஸ் துவட்டல் வருமா என்று கேட்டிருந்தீர்கள். வரும். ஆனால் காயை மட்டும் அதில் போடுங்கள், தாளிப்பு வெளியேதான். உள்ளே சுழலும் காற்று கறிவேப்பிலையைத் தூக்கி மேலே உள்ள சூட்டுக் கம்பியில் ஒட்டிவிடும். கருகல் வாடை லேசில் போகாது. கடுகோ கூடையின் ஓட்டை வழியாக இறங்கிவிடும்.

பிரிட்டன் கடைகளில் ஃபைன் பீன்ஸ் என்று மெலிசாக ஒன்று விற்கும், பல நேரம் கென்யாவிலிருந்து வருவது. நாரில்லை, இதற்கு அதுதான் தோது. 250 கிராம் போதும். ஆச்சிமார் அரிவதுபோல் பொடியாக அரிந்தால் சுருங்கிச் சக்கையாகிவிடும். ஓரங்குலத் துண்டு போடுங்கள். கழுவியதும் துணியில் நன்றாக ஒற்றி எடுங்கள். ஈரம் நின்றாலோ, கூடையில் குவித்துப் போட்டாலோ காய் வறுபடாமல் ஆவியில் வெந்து தொளதொளத்துப் போகும். உப்பும் தண்ணீர் விடவைக்கும், ஆகவே கூடையில் போடும் நேரத்தில் அரை டீஸ்பூன் உப்பு, சிட்டிகை மஞ்சள்தூள், 2 டீஸ்பூன் எண்ணெய் சேர்த்துப் பிசிறினால் போதும். முதலில் வெறும் ஏர் ஃபிரையரை 190 டிகிரியில் 3 நிமிடம் காயவிட்டு, பிறகு காயைப் போட்டு 8 நிமிடம். நடுவில் ஒருமுறை குலுக்குங்கள். உறைந்த பீன்ஸ் என்றால் உருகவிடாமல் அப்படியே 200 டிகிரியில் 12 நிமிடம். ருசி ஒரு படி குறைவுதான்.

பாசிப்பருப்பு 2 மேசைக்கரண்டியை அரைமணி ஊறவைத்து, மைக்ரோவேவில் பெரிய கிண்ணத்தில் மூழ்கத் தண்ணீர் விட்டு 4 நிமிடம் வையுங்கள். சின்னக் கிண்ணம் பொங்கி வழியும். நசுக்கினால் உடைய வேண்டும், குழையக் கூடாது. தண்ணீரை வடித்துவிடுங்கள்.

அடுப்பு ஐந்து நிமிடம் கிடைத்தால் போதும். 2 டீஸ்பூன் எண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, கால் டீஸ்பூன் சோம்பு, நறுக்கிய வெங்காயம். அடுப்பை அணைத்த பிறகு வரமிளகாயைக் கிள்ளாமல் முழுதாகப் போடுங்கள். மின்னடுப்பில் மிச்சமிருக்கும் சூட்டிலேயே பொரிந்துவிடும், நெடி கிளம்பாது. கறிவேப்பிலையும் அப்போதே. காயையும் பருப்பையும் கொட்டிப் பிரட்டி, தேங்காய்ப்பூ 3 மேசைக்கரண்டி தூவுங்கள். தமிழ்க் கடைகளில் உறைந்த துருவல் கிடைக்கும். உலர்ந்த துருவல் பாக்கெட்டானால் சர்க்கரை சேர்த்ததா என்று பார்த்து வாங்கி, வெந்நீர் தெளித்துப் பத்து நிமிடம் வைத்துவிட்டுச் சேருங்கள். தேங்காயைக் கூடையில் மட்டும் போட்டுவிடாதீர்கள், கண்மூடித் திறப்பதற்குள் சிவந்துவிடும்.