வளாகத்துக் குப்பையும் ஹந்தானைத் தீயும்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

இலங்கை மலையகத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் கழிவு, தண்ணீர், வளாகப் பராமரிப்பு என்று பல வருடங்களாக வேலை பார்த்து வருகிறேன். வளாகங்களின் சுற்றாடல் முயற்சிகள் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாளி வைக்கவும் கன்று நடவும் ஆள் வந்துவிடுவார்கள். மறுநாளிலிருந்து அதைப் பார்த்துக்கொள்வது யார் என்பதைத்தான் நான் எப்போதும் கேட்பேன். கீழே உள்ள பதில்களிலும் அது திரும்பத் திரும்ப வரும்.

ஹட்டனிலிருந்து ஒரு மாணவி: மிஸ், எங்கள் வளாகத்தில் பச்சை, நீலம், செம்மஞ்சள் என்று வாளி வைத்திருக்கிறார்கள். பின்னேரம் எல்லாம் ஒரே டிராக்டரில்தான் ஏறுகிறது. நாங்கள் எதற்குப் பிரிக்க வேண்டும்?

உங்கள் கோபம் நியாயமானது, தங்கச்சி. சாப்பாட்டுக் கழிவை யார் எடுக்கிறார், கடதாசியை யார் வாங்குகிறார், எந்தக் கிழமை வருகிறார் என்பதை முடிவு செய்த பிறகுதான் வாளி வாங்க வேண்டும். பல இடங்களில் வாளிதான் முதலில் வருகிறது.

உங்கள் சங்கம் நிர்வாகத்திடம் இத்தனை நிறமும் கேட்க வேண்டாம். ஈரம், காய்ந்தது என்று இரண்டு போதும். குழம்பு பட்ட கடதாசியை ஒருவரும் வாங்கமாட்டார்கள். சோறு தனியாகப் போனாலே மீதியில் பெரும்பகுதிக்கு விலை கிடைக்கும். இன்னொன்று: அந்தப் பையைக் கைவிட்டுப் பிரிக்கிற தொழிலாளர்களுக்குக் கையுறையும் பூட்ஸும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் முதலில் அதைக் கேளுங்கள்.

கொட்டகலையிலிருந்து ஓர் ஆசிரிய பயிலுநர்: விடுதியில் கூட்டெரு போட்டோம். இரண்டு வாரத்தில் நாற்றம், புழு. நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். எங்கே பிழை?

நீங்கள் போட்டது சோறும் கறியும் மட்டும் என்று நினைக்கிறேன். சோற்றில் ஈரம் அதிகம், அது படிந்து இறுகிவிடும். உள்ளே காற்றுப் போகாது. காற்றில்லாமல் அழுகுவதால்தான் அந்த நாற்றம். ஒரு வாளி சாப்பாட்டுக் கழிவுக்கு இரண்டு மூன்று வாளி காய்ந்த இலை போட வேண்டும். காபன் 25 முதல் 30 பங்கு, நைதரசன் ஒரு பங்கு என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். அந்தக் கணக்கு நடைமுறையில் இப்படித்தான் வரும்.

இதில் எனக்குத் தாங்க முடியாதது ஒன்று உண்டு. ஒரே வளாகத்தில் ஒரு மூலையில் கூட்டெரு இலையில்லாமல் நாறிக்கொண்டிருக்கும், இன்னொரு மூலையில் காலையில் கூட்டிய இலையைக் குவித்துத் தீ வைப்பார்கள். இலை கூட்டுகிறவரின் மேற்பார்வையாளரும் கூட்டெருக் கொட்டிலைப் பார்க்கிறவரும் ஒரு தேநீர் குடித்துக்கொண்டு பேசினால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

ஈரத்தைக் கையால் பார்க்கலாம். ஒரு பிடி எடுத்து அழுத்துங்கள். பிழிந்த துணி மாதிரி இருந்து விரலிடுக்கில் ஓரிரு துளி கசிந்தால் சரி. ஒழுகினால் இன்னும் இலை போடுங்கள், உதிர்ந்தால் தண்ணீர் தெளியுங்கள். சூட்டுக்கு ஒரு இரும்புக் கம்பி போதும். குவியலின் நடுவில் குத்திக் கொஞ்ச நேரம் விட்டு உருவுங்கள். உள்ளே இருந்த முனையைப் பிடித்துக்கொண்டிருக்க முடியாத அளவுக்குச் சுட்டால் வேலை நடக்கிறது. 55 முதல் 65 பாகை வரை ஏறிச் சில நாள் நின்றால்தான் களை விதைகள் சாகும். வாரம் ஒருமுறை புரட்டுங்கள். மலையில் மழை விடாது, அதனால் மேலே தகரம் கட்டாயம். மூன்று மாதமளவில் மண் வாசனையோடு கறுப்பாக வரும்.

அப்புறம், பன்றிப் பண்ணைக்காரர் யாராவது சோற்றுக் கழிவை எடுக்கத் தயாராக இருந்தால் தயங்காமல் கொடுங்கள். பல்குத்தும் குச்சியும் பொலித்தீன் துண்டும் கலக்காமல் கொடுப்பது மட்டும் உங்கள் பொறுப்பு.

வளாகத்துக்குள் கன்டீன் நடத்தும் ஒருவர்: லன்ச் ஷீட்டை நிறுத்து என்கிறார்கள். வாழையிலைக்கு ஆகும் செலவை யார் தருவது?

ஐயா, சோறு கட்டுகிற மெல்லிய பிளாஸ்டிக் தாளான லன்ச் ஷீட்டும் ரெஜிபோம் பெட்டியும் 2017 செப்டெம்பர் 1 முதல் தடை. கடையில் கிடைக்கிறது என்பதால் சட்டம் மாறாது. ஆனால் செலவு முழுவதையும் உங்கள் தலையில் கட்டுவதும் சரியில்லை. உள்ளே உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களுக்குக் கோப்பையில் நேரடியாகப் பரிமாறுங்கள், அதன்மேல் ஷீட் விரிப்பது கழுவுகிற வேலையை மிச்சம் பிடிக்க மட்டும்தான். கொண்டுபோகிறவர்கள் சாப்பாட்டுப் பெட்டி கொண்டுவந்தால் விலையில் கொஞ்சம் குறையுங்கள். கோப்பை கழுவ ஆளும், எண்ணெயைப் பிடிக்கும் தொட்டியும் நிர்வாகம் தர வேண்டும். ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது அதை எழுத்தில் கேளுங்கள்.

பேராதனை மாணவர் ஒருவர்: ஹந்தானையில் ஏன் அடிக்கடி தீ? பைனஸ் மரங்களை எல்லாம் வெட்டிவிட்டால் தண்ணீர் திரும்பி வருமா?

தம்பி, நீங்கள் படிக்கிற வளாகம் மகாவலிக்கும் ஹந்தானை மலைக்கும் இடையில், சுமார் 700 ஹெக்டேயரில் பரந்திருக்கிறது. மலைத்தொடர் 2010இல் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ்ப் பாதுகாப்புப் பிரதேசமானது. இருந்தும் ஒவ்வொரு வரட்சியிலும் எரிகிறது.

மானாப்புல் காய்ந்தால் ஒரு பொறி போதும். பைனஸ் ஊசியிலையில் பிசின் இருக்கிறது, எளிதில் மக்காமல் மெத்தையாகக் கிடக்கும். இந்த நாட்டில் இந்த மலைகளில் தீ தானாகப் பிடிப்பது அரிது. யாரோ வைக்கிறார்கள், அல்லது சமைத்துவிட்டு அணைக்காமல் வருகிறார்கள். எரிந்த சரிவில் அடுத்த மழை விழுந்தால் மண் நேரே மகாவலிக்குப் போகும். கீழே பொல்கொல்லை நீர்த்தேக்கம் 1976இல் இயங்கத் தொடங்கிப் பன்னிரண்டு வருடத்துக்குள் அதன் கொள்ளளவில் நாற்பது வீதத்துக்கு மேல் வண்டல் நிரம்பிவிட்டது. எல்லாம் ஹந்தானை மண் இல்லை, மேலே உள்ள மரக்கறித் தோட்டங்களும் தேயிலைச் சரிவுகளும் சேர்ந்தே நிரப்பின.

பைனஸ் புல்வெளியைவிட அதிகம் தண்ணீர் குடிக்கும், உண்மைதான். ஆனால் சரிவில் ஒரேயடியாக வெட்டினால் மண்ணும் போய்விடும், புல் வந்து தீ இன்னும் கூடும். இதற்கு நல்ல வழியை உங்கள் பல்கலைக்கழகத் தாவரவியல் பேராசிரியர்களே காட்டியிருக்கிறார்கள். சாவித்திரி குணதிலக்கவும் நிமல் குணதிலக்கவும் வெளிநாட்டு ஆய்வாளர்களோடு சேர்ந்து, சிங்கராஜ ஓரத்துப் பைனஸ் தோட்டத்தில் சில வரிசைகளை மட்டும் அகற்றி, மீதி நிழலில் நாட்டு மரக்கன்றுகளை நட்டுப் பார்த்தார்கள். மூன்று வரிசை எடுத்த இடத்தில் பெரும்பாலான கன்றுகள் நன்றாக வந்தன. ஹந்தானையில் மழை குறைவு, மரவகைகள் வேறாக இருக்க வேண்டும். முறை பொருந்தும்.

மாணவர்கள் செய்யக்கூடியது: ஜனவரி முடிவதற்குள் பாதையோரப் புல்லை அகலமாக வெட்டித் தீ தாண்டாத பட்டை ஒன்றை உண்டாக்குங்கள். போன ஜூன் 5இல், சுற்றாடல் தினத்தில், நட்ட கன்றுகளைச் சுற்றிப் புல் பிடுங்குங்கள். புதிதாக நூறு நடுவதைவிட அந்த வேலை பெரியது.

பதுளையிலிருந்து: பனிமூட்ட ஊரில் சோலார் பயன் தருமா?

தரும். ஒரு கிலோவாட் தகட்டுக்கு நாளுக்கு 3 முதல் 4 யூனிட் என்று வைத்துக்கொள்ளலாம். மூட்டமான மாதங்களில் குறையும். விரிவுரை மண்டபங்களின் செலவு பகலில்தான், அதனால் பொருத்தம். விடுமுறையில் மட்டும் மின்சாரம் மிஞ்சும். 2025 ஏப்ரல் புத்தாண்டு நாட்களில் கூரைச் சோலாரைப் பகலில் அணைத்து வைக்க மின்சார சபை சொன்னதை மறக்க வேண்டாம். முதலில் மின்விளக்குகளை மாற்றுங்கள். 40 வாட் குழாய் விளக்கின் இடத்தில் 18 வாட் எல்ஈடி போதும், அந்தச் செலவு சீக்கிரம் திரும்பும்.

பொகவந்தலாவையிலிருந்து ஒரு தாய்: மகளுக்குக் கெம்பஸ் கிடைத்திருக்கிறது. குரங்குத் தொல்லை என்கிறார்களே?

வாழ்த்துகள் அம்மா. ஜன்னலைப் பூட்டச் சொல்லுங்கள், சாப்பாட்டை வெளியில் வைக்க வேண்டாம், கையால் கொடுக்கவே வேண்டாம். மூடியில்லாத குப்பை வாளிதான் குரங்கைப் பழக்குகிறது. ஒரு தண்ணீர்ப் போத்தலும் மூடி இறுகும் சாப்பாட்டுப் பெட்டியும் வாங்கிக் கொடுங்கள்.

இரசாயனவியல் மாணவி: ஆய்வுகூடத்தில் மிஞ்சுவதைச் சிங்கில் ஊற்றி நிறையத் தண்ணீர் விட்டால் போதாதா?

போதாது. குளோரோபோம் போன்ற குளோரீன் சேர்ந்த கரைப்பான்கள் ஒரு போத்தல், மற்றக் கரைப்பான்கள் ஒரு போத்தல், பாரஉலோகக் கரைசல் இன்னொன்று. திகதியும் பெயரும் எழுதி ஒட்டுங்கள். பெயரில்லாத போத்தலைப் பிறகு யாராலும் பாதுகாப்பாக அகற்ற முடியாது. அமிலமும் காரமும் மட்டும் என்றால் நடுநிலையாக்கி ஊற்றலாம்.

கண்டியிலிருந்து: உலகப் பசுமைத் தரவரிசையில் இடம் கிடைத்தால் பெருமைப்படலாமா?

கிரீன்மெட்ரிக் என்பது இந்தோனேசியப் பல்கலைக்கழகம் 2010இல் தொடங்கியது. 2024 தரவரிசையில் சக்திக்கு 21 வீதம், கழிவு, போக்குவரத்து, கல்வி ஒவ்வொன்றுக்கும் 18, இடவமைப்புக்கு 15, தண்ணீருக்கு 10 என்று புள்ளி பிரித்திருந்தார்கள். காடு சூழ்ந்த வளாகத்துக்கு இடவமைப்பில் புள்ளி சுலபமாக வரும். எனவே மொத்த இடத்தைப் பார்க்காமல் கழிவுக்கும் தண்ணீருக்கும் கிடைத்த புள்ளியைக் கேளுங்கள்.

லிந்துலைத் தோட்டத்திலிருந்து ஒரு இளைஞர்: இதெல்லாம் லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், இருக்கிற எங்களுக்கு உதவுமா அண்ணா? வரட்சியில் தண்ணீர் பிடிக்கிற பீலியும் வற்றிவிடுகிறது.

என்னை அக்கா என்று கூப்பிடலாம், தம்பி. உதவும். ஒரு சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை விழுந்தால் ஒரு லீற்றர். 100 சதுர மீற்றர் லயத் தகரத்தில் 10 மில்லிமீற்றர் மழைக்கு, சிந்தியது போக 800 லீற்றர் வரை பிடிக்கலாம். முதலில் வரும் தண்ணீரைத் தூசி போக வெளியே விடுங்கள். மீதி கழுவ, மலசலகூடத்துக்கு.

ஒன்றில் மட்டும் கவனம். தாங்கி நிரம்பி வழிவதைச் சரிவில் விடாதீர்கள், கான் வெட்டி ஓடைவரை கொண்டுபோங்கள். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நாம் பார்த்தோம். சரிவுக்குள் தண்ணீர் ஊறுவது அவ்வளவு ஆபத்து. லயத்துக்கு மேலே நிலத்தில் புதிதாக வெடிப்போ, திடீரென்று கலங்கல் ஊற்றோ கண்டால் தோட்ட நிர்வாகத்துக்கும் கிராம சேவகருக்கும் அன்றைக்கே சொல்லுங்கள், மண்சரிவு அபாயத்தை ஆராயும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தை வரவழைக்கச் சொல்லிக் கேளுங்கள். கானை யார் எந்த மாதம் துப்புரவு செய்வது என்று லயத்தில் பேசிப் பெயர் எழுதி வையுங்கள்.