மரச்சட்ட அபார்ட்மென்டில் குடியேறலாமா?

தம்பி, பார்த்துவைத்திருக்கும் ஐந்து மாடி அபார்ட்மென்டில் சுவரைத் தட்டினால் பொள்ளலாகச் சத்தம் வருகிறது, உள்ளே எல்லாம் மரமாம், கைக்குழந்தையோடு போகப் பயமாக இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். லீசிங் ஆபீசில் 'கீழே டைப் 1, மேலே டைப் 5-ஏ' என்று சொன்னது புரியவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். உங்கள் பயத்துக்கான பதில் அந்தப் பெயரிலேயே இருக்கிறது.

அமெரிக்காவில் பெரும்பாலான இடங்களில் ஐபிசி (International Building Code) என்ற கட்டட விதித்தொகுப்பைத் தங்களுக்கேற்ப மாற்றிப் பின்பற்றுகிறார்கள். அதில் கட்டடங்கள் ஐந்து வகை. டைப் 1 கான்கிரீட், அல்லது தீக்காப்புப் பூசிய எஃகு. வானுயரக் கட்டடங்கள் அநேகமாக இதுதான். டைப் 2-உம் எரியாத பொருள்தான், ஆனால் காப்பு குறைவு. பெரிய கடைகள், கிடங்குகள். டைப் 3-இல் வெளிச்சுவர் செங்கல் போல எரியாதது, உள்ளே மரம் இருக்கலாம். டைப் 4 பருமனான மரம். டைப் 5 சுவரிலிருந்து கூரை வரை சாதாரண மரச்சட்டம். 2, 3, 5 வகைகளில் 'ஏ' என்றால் தாங்கும் பாகங்களுக்கு ஒரு மணி நேரக் காப்பு உண்டு. 'பி' என்றால் பெரும்பாலும் கிடையாது. டைப் 1-இல் இந்தக் கணக்கு 3 மணி, 2 மணி என்று போகும்.

ஆக உங்கள் கட்டடத்தில் தரைத்தளம் கான்கிரீட், மேலே நாலு மாடி மரம். இரண்டுக்கும் நடுவே 3 மணி நேரம் தாங்கும் தளம் இருக்கும். புதிதாகக் கட்டப்படும் அபார்ட்மென்டுகளில் இது மிகச் சாதாரணம்.

அந்த 'ஒரு மணி நேரம்' என்பதைத்தான் பலரும் தப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். தீயே பிடிக்காது என்று அதற்குப் பொருள் இல்லை. சுவரின் மாதிரியை உலையில் வைத்துச் சூடேற்றுவார்கள்: 5 நிமிடத்தில் சுமார் 538 டிகிரி செல்சியஸ், ஒரு மணியில் 927. அதுவரை சுவர் விழாமல், மறுபக்கம் தீயும் அதிகச் சூடும் போகாமல் நின்றால் ஒரு மணிச் சுவர். நிஜத் தீ இந்த அட்டவணைப்படி எரியாது. ஒரு சுவரை இன்னொன்றோடு ஒப்பிட இது ஓர் அளவுகோல். ஆட்கள் வெளியேறவும் தீயணைப்பு வண்டி வந்து சேரவும் வாங்கித்தரும் அவகாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதைத் தருவது மரத்தின் மேல் அடித்திருக்கும் ஜிப்சம் பலகை, இங்கே டிரைவால் என்பார்கள். ஜிப்சத்தின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு அதற்குள் கட்டுண்ட நீர். அந்த நீர் ஆவியாகித் தீரும்வரை பின்னால் உள்ள மரம் அவ்வளவாகச் சூடேறாது. 'டைப் எக்ஸ்' பலகையில் கண்ணாடி இழையும் சேர்ந்திருப்பதால் சீக்கிரம் உதிராது.

எஃகு என்றால் பத்திரம், மரம் என்றால் ஆபத்து என்ற நம் கணக்கும் அப்படியே சரியில்லை. காப்பில்லாத எஃகு 600 டிகிரியை நெருங்கும்போது பாதி வலுவை இழந்துவிடும். பருத்த மர உத்தரமோ வெளியே கரியாகி, உள்ளே வெகுநேரம் தாங்கும். கரி ஏறுவது மணிக்கு ஒன்றரை அங்குலம் போலத்தான். அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் 2022-இல் திறந்த அசென்ட் என்ற 25 மாடிக் கட்டடத்தில் மேல் 19 மாடி மரம்தான். ஒல்லி மரச்சட்டத்துக்கு இந்தச் சலுகை கிடையாது. அதனால்தான் டிரைவாலும், தீப்பிடித்தால் தானாகத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளரும்.

தட்டினால் பொள்ளலாகக் கேட்பது ஸ்டட்டுகளுக்கு நடுவே உள்ள இடைவெளி. ஸ்டட் என்பது செங்குத்துக் கட்டை, வழக்கமாக மையத்துக்கு மையம் 16 அங்குலம். அடியிலும் தலையிலும் படுத்திருப்பது பிளேட், தரையைத் தாங்குவது ஜாய்ஸ்ட், ஜன்னல் கதவுக்கு மேலே ஹெடர், கூரைச் சரிவில் ராஃப்டர் என்ற சாய்கட்டை அல்லது டிரஸ் என்ற முக்கோணச் சட்டம். 'டூ பை ஃபோர்' என்று விற்கும் கட்டை நிஜத்தில் ஒன்றரைக்கு மூன்றரை அங்குலம்தான்; டேப் வைத்து அளந்துவிட்டு ஏமாற்றுகிறார்கள் என்று நினைக்காதீர்கள். டிவி மாட்டும்போது ஸ்டட்டைத் தேடிப் பிடித்து திருகுங்கள், வெறும் டிரைவால் தாங்காது.

நான் தயங்குவது நூறு வருடப் பழைய மர வீடுகளைப் பற்றித்தான். 1830-களில் சிகாகோவில் தொடங்கிய பலூன் ஃபிரேமில் ஸ்டட் அஸ்திவாரத்திலிருந்து கூரைவரை ஒரே நீளமாக ஓடும். இடையில் அடைப்பு இல்லாவிட்டால் பேஸ்மென்டில் பிடித்த தீ சுவருக்குள்ளேயே கூரைக்கடியில் உள்ள அட்டிக்வரை ஏறிவிடும். இப்போதைய பிளாட்ஃபார்ம் ஃபிரேமில் மாடிக்கு மாடி சுவர் தனித்தனி, பிளேட்டே அடைப்பாகிறது.

நான் என்றால் உங்கள் கட்டடத்தில் தயங்காமல் குடியேறுவேன். வீட்டுக்குள்ளும் ஸ்பிரிங்க்ளர் இருக்கிறதா, காரிடார் கதவுகள் தானாக முழுசாகச் சாத்திக்கொள்கின்றனவா என்று மட்டும் பாருங்கள். சாமான் ஏற்றும்போது அந்தக் கதவுக்கு ஆப்பு வைத்துவிட்டு மறந்துபோவது இங்கே தினசரிக் காட்சி. பக்கத்து வீட்டோடு பொதுவான சுவரில் பெரிய ஓட்டை போடாதீர்கள். ஸ்பிரிங்க்ளரில் துணி ஹேங்கரை மாட்டாதீர்கள். உடைந்தால் கீழ்வீடுவரை தண்ணீர்.

ஒன்று, மேல்வீட்டு நடைச்சத்தம் கேட்கும். குழந்தை தூங்க வேண்டுமென்றால் கடைசி மாடியில் இடம் இருக்கிறதா என்று கேளுங்கள்.