அந்தப் பஸ் டிக்கெட் எந்தப் பக்கத்தில் இருக்கிறது?

கேள்வி: எனக்கு வயது 36. புத்தகம்தான் என் உலகம். படித்துப் படித்தே இத்தாலியின் வெனிஸ், ஃபிளாரன்ஸ், பொலோன்யாவின் தெருக்களெல்லாம் எனக்கு மனப்பாடம். ஏழு வருடம் சேர்த்த பணத்தில் வரும் ஏப்ரலில் பன்னிரண்டு நாள் தனியாகப் போகத் திட்டமிட்டிருக்கிறேன். கணவர் சம்மதித்துவிட்டார். மாமியார்தான், “புத்தகத்தில் பார்த்தது போதாதா?” என்கிறார். குழந்தையை விட்டுவிட்டுப் போவது சுயநலமா? அப்பாவுக்கு ரொம்ப சந்தோஷம். சின்ன வயதில் அட்லஸில் வெனிஸைத் தொட்டுக் காட்டி, எனக்குக் கதை படித்தவர் அவர்தான். கண்புரை முற்றிவிட்டதால் இப்போது படிப்பதில்லை. மடியில் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பார். அடையாளத்துக்கு வைத்த பஸ் டிக்கெட் தீபாவளியிலிருந்து அதே பக்கத்தில் இருக்கிறது. நான் போய்விட்டு வந்த பிறகு, அண்ணன் ஊருக்கு வரும்போது ஆபரேஷன் வைத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறோம்.
— ஒரு வாசகி, கோவை

பதில்: அன்பு மகளுக்கு,

மாமியாரின் பேச்சை விடு. சுயநலமா என்ற கேள்வியையும் விடு. எத்தனையோ பெண்கள் இதை என்னிடம் கேட்டிருக்கிறார்கள். போக வேண்டியவர்கள் போய்விட்டுத்தான் வந்தார்கள். உன் கடிதத்தில் என்னை உறுத்துவது அந்தப் பஸ் டிக்கெட்.

அது நகரவில்லை என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. எந்த நாளிலிருந்து என்பதும் தெரிந்திருக்கிறது. அப்படியானால் அந்தப் புத்தகத்தைத் திறந்து பார்த்திருக்கிறாய். பார்த்த பிறகும் மூடி அவர் மடியிலேயே வைத்துவிட்டு எழுந்து வந்திருக்கிறாய். உன்னால் எப்படி முடிந்தது?

நீ மனப்பாடம் செய்திருக்கும் ஊர்களைக் கொண்டே சொல்கிறேன். வெனிஸிலிருந்து ரயிலில் அரை மணி நேரத்தில் திரெவிசோ. அங்கே சான் நிக்கோலோ தேவாலயத்தை ஒட்டிய மடத்தின் மண்டபச் சுவரில், 1352இல் தொம்மாசோ தா மொதேனா என்ற ஓவியர் டொமினிக்கன் என்ற கிறிஸ்தவத் துறவியர் சபையின் பெரியவர்கள் நாற்பது பேரை வரைந்தார். ஆளுக்கொரு மேசை, படிக்கிறார்கள், எழுதுகிறார்கள். அவர்களில் ஒருவர், ஹியூ என்ற கர்தினால், குனிந்து எழுதிக்கொண்டிருக்கிறார். அவர் மூக்கின் மேல் இரண்டு வட்டக் கண்ணாடிகள். காதில் மாட்டும் கம்பி கிடையாது. நடுவில் ஆணி அடித்துச் சேர்த்தது, மூக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. மூக்குக்கண்ணாடி போட்ட மனிதரைக் காட்டும் ஓவியங்களில் நமக்குத் தெரிந்தவரை அதுதான் முதலாவது.

ஆனால் அந்தக் கர்தினால் இறந்தது 1263இல். அவர் காலத்தில் மூக்குக்கண்ணாடியே இல்லை. 1306இல் ஃபிளாரன்ஸில் பிரசங்கம் செய்த ஜோர்தானோ என்ற துறவி, கண்ணாடி செய்யும் கலை பிறந்து இன்னும் இருபது வருடம்கூட ஆகவில்லை என்று வியந்து பேசினார். படிப்புக்காகவே வாழ்ந்த அந்தக் காலத்து இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க்கும், அறுபது தாண்டியதும் கண்ணாடி தேவைப்பட்டதை மனமில்லாமல் எழுதிவைத்தார். படிக்கிறவரின் கண் மங்கினால் எப்படியிருக்கும் என்று அந்த ஓவியருக்குத் தெரிந்திருக்கிறது. அதனால்தான், உறவுமில்லை, பார்த்ததுமில்லை, செத்து 89 வருடம் ஆன ஒரு பெரியவருக்கு அவர் கண்ணாடி போட்டுவிட்டார். உன் அப்பா உயிரோடு உன் எதிரே உட்கார்ந்திருக்கிறார், அம்மா!

அண்ணன் வரட்டும் என்கிறாயே, அண்ணன் வந்து செய்ய இதில் என்ன இருக்கிறது? இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டில் அப்பாவின் காரியம் மட்டும் இன்னொருவர் வரவுக்காகக் காத்துக் கிடப்பதை நான் நிறையப் பார்த்துவிட்டேன். கேட்டால், “அப்பாவே அவசரமில்லை என்றார்” என்பீர்கள். அப்படித்தான் சொல்வார். மகள் ஏழு வருடம் சேர்த்த பணத்தில் தன் கண்ணுக்காக ஒரு ரூபாய் குறைவதைக்கூட எந்த அப்பனும் கேட்டு வாங்க மாட்டான். பிள்ளைகள்தான் கையைப் பிடித்து அழைத்துப்போக வேண்டும். அதிலும் உனக்கு எழுத்தைக் காட்டியவர் அவர். அந்தக் கடனில் அண்ணனுக்குப் பங்கு பிரிக்காதே.

புரை முற்றட்டும் என்று காத்திருந்த காலமெல்லாம் போய்விட்டது. ரொம்பவும் முற்றினால் ஆபரேஷன்தான் சிரமமாகும். பெரும்பாலும் அரை மணி நேர வேலை, அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம், பிறகு சில வாரம் சொட்டு மருந்து. இரண்டு கண்ணிலும் இருந்தால் வழக்கமாக இடைவெளி விட்டுத்தான் செய்வார்கள். அந்தச் சொட்டு மருந்தை வேளை தவறாமல் விட ஒரு ஆள் வேண்டும். அது நீயாக இரு. அதற்காக ஏப்ரல் பயணம் செப்டம்பருக்குப் போனால் போகட்டும். வெனிஸ் அங்கேயேதான் இருக்கும்.

இந்த வாரமே கண் மருத்துவரிடம் நாள் கேள். ஆபரேஷன் நாள் வரும்வரை தினமும் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அப்பா பக்கத்தில் உட்கார். அந்தப் பஸ் டிக்கெட்டை எடுத்துவிட்டு, அதே பக்கத்திலிருந்து அவருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டு. கட்டு அவிழ்த்த பிறகு மீதியை அவரே படித்துக்கொள்வார். அப்போது எனக்கு எழுது. திரெவிசோவுக்கு எந்த ரயிலில் ஏறுவது என்று இருவரும் சேர்ந்து பார்க்கலாம்.