விண்டோஸிலிருந்து லினக்ஸ்: வாசகர் கேள்விகள்

கேள்வி: என் பழைய லேப்டாப்பில் விண்டோஸ் 11 ஏறவில்லை. இணையம், மின்னஞ்சல், கடிதம் அடிப்பது, இவ்வளவுதான் வேலை. லினக்ஸ் சரிப்படுமா?

பதில்: தாராளமாக. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டதால், அதிலேயே தொடர்வதைவிட மாறுவது நல்லது. லினக்ஸ் மின்ட் என்ற இலவச லினக்ஸ் வகையைப் போடுங்கள், விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பை அது கேட்காது, 4 ஜிபி ரேம் போதும். ஃபயர்பாக்ஸ், குரோம் இரண்டும் அப்படியே இருக்கும். வேர்டு கோப்புகளை லிப்ரே ஆபிஸ் என்ற இலவச அலுவலக மென்பொருள் திறக்கும். கலிப்ரி எழுத்துரு இல்லாததால் வரிகள் நகரலாம். அதே அகலமுள்ள கார்லிட்டோ எழுத்துரு இருந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால் ஃபோட்டோஷாப்பும் மேக்ரோ நிறைந்த எக்செல் கோப்புகளும்தான் உங்கள் பிழைப்பு என்றால் மாறாதீர்கள்.

கேள்வி: விண்டோஸை அழிக்காமல் முயன்று பார்க்க வழி உண்டா?

பதில்: உண்டு, அப்படித்தான் தொடங்கவும் வேண்டும். மின்ட்டின் ஐஎஸ்ஓ கோப்பை (முழு அமைப்பும் அடங்கிய ஒரே கோப்பு) ரூஃபஸ் என்ற விண்டோஸ் மென்பொருள் மூலம் 8 ஜிபி பென் டிரைவில் எழுதுங்கள். பென் டிரைவில் ஏற்கெனவே இருப்பதெல்லாம் அழிந்துவிடும். பிறகு அதிலிருந்தே கணினியை பூட் செய்து வைஃபை, ஒலி, பிரின்டர், மூடித் திறந்தால் விழிக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். வைஃபை தெரியாவிட்டால் பதற வேண்டாம். பல சமயம் பிராட்காம் சிப்தான் காரணம். போனை யூஎஸ்பி டெதரிங்கில் (கேபிள் வழியே போனின் இணையத்தைப் பகிர்வது) இணைத்து, மின்ட்டின் டிரைவர் மேனேஜரில் அதற்கான டிரைவரை நிறுவினால் போதும்.

விண்டோஸ், லினக்ஸ் இரண்டையும் ஒரே கணினியில் வைக்க விரும்பினால், முதலில் கோப்புகளை வெளி டிஸ்க்கில் நகலெடுங்கள். டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால், அந்தப் பூட்டைத் திறக்கும் ரெக்கவரி கீயைக் காகிதத்தில் எழுதி வைக்காமல் பார்ட்டிஷனை (டிஸ்க்கின் பிரிவை) தொடவே கூடாது. விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை அணையுங்கள். அது இருந்தால் விண்டோஸ் முழுதாக நிற்காமல் பாதித் தூக்கத்தில் கிடக்கும். லினக்ஸிலிருந்து அந்த டிரைவில் எழுத முடியாது. விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டிலேயே லினக்ஸுக்காக 50 ஜிபி இடத்தைக் காலியாக ஒதுக்குங்கள். நிறுவும்போது 'எரேஸ் டிஸ்க்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் எல்லாம் போய்விடும். அந்த ஒரு திரையை இரண்டு முறை படியுங்கள்.

பின்னர் விண்டோஸில் கடிகாரம் தவறாகக் காட்டினால், லினக்ஸ் டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் திரை) 'டைம்டேட்சிடிஎல்' (timedatectl) கட்டளையால் வன்பொருள் கடிகாரத்தை உள்ளூர் நேரத்துக்கு மாற்றலாம்.

கேள்வி: தமிழ்99 விசைப்பலகை லினக்ஸில் கிடைக்குமா?

பதில்: கிடைக்கும். ஐபஸ்-எம்17என் (ibus-m17n) என்ற உள்ளீட்டுத் தொகுப்பை நிறுவி, லாக்அவுட் செய்து திரும்ப வந்து, உள்ளீட்டு முறைகளில் தமிழ்99-ஐச் சேருங்கள். யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கோப்புகளுக்கு அந்த எழுத்துருவையும் நகலெடுத்து நிறுவ வேண்டும்.