கருவாட்டில் காரீயம்: தண்ணீர் எங்கே போனது?

கேள்வி: என் மகளுக்கு 3 வயது. புரதமும் சுண்ணாம்புச் சத்தும் அதிகம் என்று தினமும் 10 கிராம் நெத்திலிக் கருவாடு கொடுத்து வருகிறேன். அதைச் சோதனைக்குக் கொடுத்ததில் கிலோவுக்கு 0.6 மில்லிகிராம் காரீயம் என்று அறிக்கை வந்திருக்கிறது. மீனுக்கான சர்வதேச வரம்பு 0.3 என்கிறார்கள். நிறுத்திவிடவா? ஊறவைத்துக் கழுவினால் போய்விடுமா?
- ஒரு வாசகி

பதில்: ஆய்வகத்தில் நான் சேர்ந்த முதல் வருடம் ஞாபகம் வந்துவிட்டது. கருவாட்டை மிக்ஸியில் அரைத்து, அமிலத்தில் கரைத்து அளப்பதுதான் வேலை. (மாலையில் பஸ்ஸில் என் பக்கத்து சீட் எப்போதும் காலி.) ஒருநாள் இதே மாதிரி ஒரு எண்ணைப் பார்த்துவிட்டு, 'தேறவில்லை' என்று எழுதி எடுத்துக்கொண்டு ஓடினேன். மேலதிகாரி தாளைத் திருப்பிக் கொடுத்து, "தண்ணி எங்கேம்மா போச்சு?" என்று மட்டும் கேட்டார்.

அந்த 0.3 பச்சை மீனுக்கு உரியது. பச்சை நெத்திலியில் நூற்றுக்கு 76 பங்கு தண்ணீர், காய்ந்தபின் 16 பங்கு என்று வையுங்கள். மீதிச் சரக்கு 24-லிருந்து 84 ஆகிறது, அதாவது மூன்றரை மடங்கு. நூறு கிராமில் 18 கிராம் புரதம் 63 ஆவது இப்படித்தான். காரீயமும் கூடவே ஏறிவிடுகிறது. 0.6-ஐ 3.5-ஆல் வகுத்தால் 0.17. மீன் வரம்புக்குள்தான் இருந்திருக்கிறது.

சரி, அதற்காகத் தினமும் கொடுக்கலாமா? கூடாது என்பேன். குழந்தையின் வயிற்றுக்குள் எவ்வளவு போகிறது என்பது வேறு கணக்கு. 10 கிராம் கருவாட்டில் 6 மைக்ரோகிராம் போகிறது. அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ குழந்தைகளுக்குப் போட்டிருக்கும் கோடு, எல்லா உணவும் சேர்த்தே நாளுக்கு 2.2 மைக்ரோகிராம். காரீயத்தில் 'இதுவரை ஆபத்தில்லை' என்ற அளவே கிடையாது. வாரத்தில் ஒரு நாள் என்று குறைத்துவிடுங்கள். இதுவரை பல மாதம் கொடுத்திருந்தால், ரத்தத்தில் காரீய அளவு பார்க்க வேண்டுமா என்று குழந்தை மருத்துவரைக் கேளுங்கள்.

தலையையும் குடலையும் கிள்ளி எறிந்துவிடுங்கள். செவுளிலும் குடலிலும் காரீயம் சதையைவிட அதிகம். காட்மியம் என்ற இன்னொரு நச்சு உலோகம் தங்குவதும் குடல் பக்கம்தான். முள்ளிலும் காரீயம் சேரும். ஆனால் சுண்ணாம்புச் சத்து அங்கேதானே இருக்கிறது? அது குறையாத உடம்பு காரீயத்தைக் குறைவாகவே உறிஞ்சும். நானாக இருந்தால் முள்ளை விட்டுவைப்பேன்.

கழுவுவது வீண் இல்லை. உப்பும் மணலும் போகும். சாலையோரத்தில் காயவைத்ததென்றால், மேலே படிந்த தூசியோடு கொஞ்சம் காரீயமும் போகும். சதைக்குள் இருப்பது போகாது. மீனில் சேரும் இன்னொரு உலோகமான பாதரசமோ புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஊறவைத்தாலும் வறுத்தாலும் அசையாது. நெத்திலியில் அந்தக் கவலை குறைவு, மிதவை உயிரிகளைத் தின்று சீக்கிரம் ஆயுள் முடியும் சின்ன மீன் அது. பாதரசம் அதிகம் சேரும் சுறாக் கருவாடு மட்டும் குழந்தைக்கும் வேண்டாம், கர்ப்பிணிக்கும் வேண்டாம்.

அப்புறம், அடுத்த அறிக்கையில் ஈரப்பதத்தையும் சேர்த்து அளக்கச் சொல்லுங்கள். 76, 16 இரண்டும் நான் வழக்கமாகப் பார்த்த எண்கள். உங்கள் கருவாட்டுக்கு மாறலாம்.